திருத்தும் உரிமை

அச்சேறிய நூலில் பிழை நேர்ந்துவிட்டால் அதனை அழிக்க இயலாது. பிழைதிருத்தம் என்று ஒரு தாளை இறுதியில் ஒட்டி, வாசகரிடம் பொறுத்தருள வேண்டுவதே வழக்கம். இணையதளம் அத்தகையதன்று. நேற்று இருந்த சொல்லை இன்று மாற்றலாம். மாற்றிய சற்று நேரத்தில் எங்கிருந்து பார்ப்பவருக்கும் அது மாறியே தோன்றும். இந்த எளிமை பெரும் நன்மைதான். ஆனால் மாற்றும் உரிமை யாருக்கு? தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவருக்கா, பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டவருக்கா? இவ்வினாவில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் கழிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வியக்கக்கூடும். நம்மிடம் ஓதிய மாணவர் இருவர் இணையதள வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். பள்ளிக்கூடங்கள், திருமண மண்டபங்கள், துணிக்கடைகள், மஹல்லா ஜமாஅத்துகள் என அவர்களுக்கு வாடிக்கையாளர் பலர். தளத்தை ஒப்படைத்த பின் அதன் வாசகங்களை அவர்கள் தாமே திருத்திக்கொள்ளும் முறையை விளக்கி, நல்ல தமிழில் ஒரு கையேடு எழுதித் தருமாறு இருவரும் நம்மைக் கேட்டனர். தெரியாத பொருளைப் பற்றி எழுதுவது நம் உஸ்தாதுமார்கள் நமக்குக் காட்டிய முறையன்று. ஆகவே சில மாதங்கள் அவர்களருகே அமர்ந்து கற்றுக்கொண்டோம். கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

இணையப் பக்கத்தைப் படிப்போர் வேறு, எழுதுவோர் வேறு என்ற பிரிவு தொடக்கத்தில் இருந்ததன்று. 1990-ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் எழுதித் திருத்தவும் ஒருங்கே பயன்பட்டது. 1993-இல் வெளிவந்து பரவிய மொசைக் உலாவியோ பெரும்பாலும் பார்ப்பதற்கே உரிய கருவியாய் அமைந்தது. எழுத வேண்டுமாயின் எச்.டி.எம்.எல். குறிகளை அறிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் தம் விக்கியின் மூலம் எழுதும் வாய்ப்பைப் பொதுமக்களுக்குத் திரும்பவும் திறந்துவிட்டார். 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். இன்று உலகிலுள்ள தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதன் மீதே நிற்கின்றன. நம் மாணவர்கள் கையாள்வதும் அதுவேயாதலின், இனி நாம் கூறுவன அதனைச் சார்ந்தனவாகவே இருக்கும்.

வடிவமைப்பாளர்களில் இருவகையினரைக் கண்டோம். முதல் வகையினர் எதனையும் கைவிட்டுக் கொடார். கடையின் தொலைபேசி எண் மாறினாலும், பள்ளிக்கு விடுமுறை அறிவித்தாலும் அவர்களிடமே வந்து நிற்க வேண்டும். ஒரு வரியை மாற்றக் கூலி, அதற்கு ஒரு வாரக் காத்திருப்பு. சிலர் தளத்தின் முகவரிப் பெயரையே தம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்கின்றனர். வாடிக்கையாளர் பின்னாளில் வேறொருவரிடம் செல்ல விரும்பினாலும் அவர் பெயர் அவருக்குக் கிட்டுவதில்லை. பிறர் பொருளைக் காப்பதாகச் சொல்லித் தன் பெட்டியில் பூட்டிக்கொள்வதை அமானத் என்று எவரும் கூறார்.

இரண்டாம் வகையினர் இதற்கு நேர்மாறானவர்கள். நிர்வாகிக்குரிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் உங்கள் கையில்" என்று போய்விடுவர். இது தாராள மனம் போலத் தோன்றும். இதனால் விளைந்த ஒரு கேட்டினை நாம் அருகிருந்து பார்க்க நேர்ந்தது.

ஒரு கல்வி நிலையம்; பெயர் வேண்டியதில்லை. மாணவர் சேர்க்கை நடைபெறும் வாரம். கட்டண அறிவிப்பில் ஒரு தொகையை மாற்றும்படி அலுவலகத்திலிருந்த இளம் பெண்ணுக்குப் பணித்தனர். அவள் கையில் இருந்தது நிர்வாகியின் திறவுகோல். உள்ளே நுழைந்ததும், தீம் எனப்படும் வடிவத் தொகுப்புக்குப் புதிய பதிப்பு வந்துள்ளது, புதுப்பிக்கவும் என்று ஓர் அறிவிப்பு நின்றது. புதுப்பித்தல் நல்லதுதானே என்று அழுத்தினாள். அவ்வளவில் முகப்பு குலைந்தது. விண்ணப்பப் படிவத்தைக் காணோம். காரணம் யாதெனில், வடிவமைத்தவர் தம் மாற்றங்களை எல்லாம் மூலத் தொகுப்பின் கோப்புகளிலேயே எழுதி வைத்திருந்தார். புதிய பதிப்பு வந்து அமர்ந்ததும் அவை துடைத்தெறியப்பட்டன. சைல்டு தீம் என்னும் தனிக் கிளைத் தொகுப்பில் எழுதியிருந்தால் அவை தப்பியிருக்கும். குற்றம் எவருடையது என்பது அத்தொழில் அறிந்தார்க்கு விளங்கும். அங்கே அறிந்தார் எவருமிலர். ஏச்சு முழுவதும் அப்பெண்ணுக்கே போயிற்று. அடுத்த மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. அவள் தகப்பனாரை நாம் அறிவோம். "என் மகள் என்ன தப்பு செய்தாள், ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டதற்கு, "ஒன்றும் செய்யவில்லை, பாய்" என்று மட்டுமே சொன்னோம். விளக்கிச் சொல்லும் அறிவு அன்று நமக்கு இருக்கவில்லை.

அவளுக்கு எந்தத் திறவுகோலைக் கொடுத்திருக்க வேண்டும்? வேர்ட்பிரஸ் ஐந்து படிநிலைகளைத் தானே வகுத்து வைத்துள்ளது. அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் எதனையும் செய்யலாம். எடிட்டர் என்பவர் தம்முடைய எழுத்தையும் பிறர் எழுத்தையும் நிலையான பக்கங்களையும் திருத்தலாம், வெளியிடலாம். வடிவத் தொகுப்பும் செருகுநிரல்களும் அவர் பார்வைக்கே வாரா. ஆதர் தம் கட்டுரைகளை மட்டும் வெளியிடலாம். கான்ட்ரிபியூட்டர் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. படங்களை ஏற்றவும் முடியாது. சப்ஸ்கிரைபருக்குத் தம் விவரங்களைத் திருத்துவதன்றி வேறு உரிமையில்லை. அப்பெண்ணை எடிட்டர் நிலையில் வைத்திருந்தால் புதுப்பிக்கும் பொத்தானையே அவள் கண்டிருக்கமாட்டாள். எடிட்டர் நிலையும் முற்றிலும் தீங்கற்றதன்று. தனித்தளமாயின் அந்நிலையிலிருப்பவர் பக்கத்தினுள் நிரல் வரிகளையும் இட்டுவிட முடியும். ஆயினும் அன்றாடத் திருத்தத்திற்கு அதுவே ஏற்றது. நிர்வாகியின் திறவுகோலும் வாடிக்கையாளருக்கே உரிய சொத்துதான். அதனை உறையிலிட்டு முதலாளியிடமோ தலைவரிடமோ தனியே ஒப்படைக்க வேண்டும் என்பது நம் கருத்து. முகவரிப் பெயரும் அவர் பெயரிலேயே இருத்தல் வேண்டும்.

ஒரே பயனர்பெயரை அலுவலகத்தில் நால்வர் பங்கிட்டுக்கொள்வது நம் ஊர்களில் பெருவழக்கு. யார் எதனை மாற்றினார் என்று அப்போது அறியவே முடியாது. ஐயம் எல்லார் மீதும் விழும், பழி எளியவர் மீது விழும். ஆளுக்கொரு பெயர் கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஒருவர் வேலையை விட்டு நீங்கும்போது அவர் பெயரை நீக்குகையில் மட்டும் கவனம் வேண்டும். அவர் எழுதியவற்றை அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று மென்பொருள் கேட்கும். அழிக்கும்படி கூறினால் ஆண்டுக்கணக்கான அறிவிப்புகளும் அவரோடு போய்விடும்.

இனி, பிழைபட எழுதிவிட்டால் மீளும் வழி. இதனைக் கற்றபோது நமக்கு ஹதீஸ் கலையின் ஏட்டு முறைகள் நினைவுக்கு வந்தன. ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ், ஏடு எழுதுவோர் தவறான சொல்லைக் களையும் வகைகளை ஆராய்ந்துள்ளார். கத்தியால் சுரண்டுவது 'ஹக்கு'. அச்சொல்லின் மீது கோடிட்டு விடுவது 'ளர்பு'. இரண்டாவதே மேலானது என்பது அறிஞர் முடிவு. சுரண்டிய இடம் ஐயத்திற்கு இடமளிக்கும். கோடிட்ட சொல்லோ கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பின்னர் வேறோர் அறிவிப்பில் அதுவே சரியென்று தெரிந்தால் மீட்டுக்கொள்ளவும் ஆகும். ரிவிஷன் எனப்படும் திருத்த வரலாறு இந்த ளர்பு முறையையே ஒத்துள்ளது. பக்கத்தைச் சேமிக்கும்போதெல்லாம் பழைய வடிவம் அழியாமல், யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்போடு உள்ளே தங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். வேண்டியதைத் திரும்பக் கொணரலாம். குப்பைத் தொட்டியில் போட்ட பக்கமும் இயல்பாக 30 நாட்கள் காத்திருக்கும்.

இதற்கும் எல்லையுண்டு, வடிவமைப்பாளர் பலர் அதனை எடுத்துச் சொல்வதில்லை. ஊடகத் தொகுப்பிலிருந்து ஒரு படத்தை அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குச் செல்லாமல் இயல்பாக அக்கணமே ஒழிந்துபோகும். அங்கு நடப்பது ஹக்கு. எனவேதான் முழுத்தளத்தின் காப்புப்படி தேவைப்படுகிறது. அப்படி, தளம் இருக்கும் அதே கணினியில் இருந்தால் வீடு எரியும்போது சாவியும் எரிந்த கதையாகும். அதனினும் முக்கியம், அப்படியிலிருந்து தளத்தை ஒருமுறையேனும் உண்மையாக மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கும் எழுதலாம் என்று வெற்றுப் பக்கத்தைத் திறந்துவிடுவதைக் காட்டிலும், நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் கொடுப்பது நன்று. தொழுகை நேர அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதனை ஒரு பக்கத்தில் அப்படியே தட்டெழுதி வைத்தால், நேரத்தை மாற்றுபவர் தவறிப்போய் அட்டவணையின் கோடுகளையும் அழித்துவிடுவார். ஃபஜ்ரு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என ஐந்து கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை உள்ளே அமைத்துவிட்டால், முஅத்தினார் எண்களை மட்டும் இடுவார், அழகு குலையாது. கட்டணம், தொலைபேசி, முகவரி யாவும் இவ்வாறே. 2018-இல் வேர்ட்பிரஸ் 5.0 கொணர்ந்த கட்டுமான முறையில் பக்கம் துண்டு துண்டான பிளாக்குகளால் ஆகிறது. 2022 மே மாதத்தில் வந்த 6.0 பதிப்பிலிருந்து, ஒரு பிளாக் நகராமலும் நீங்காமலும் இருக்கும்படி எளிதாகப் பூட்டி வைக்கலாம்.

தமிழர்க்கே உரிய இடையூறு ஒன்றையும் கையேட்டில் எழுதினோம். அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கத் தட்டெழுதிய வாசகத்தைத் தளத்தில் ஒட்டினால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவியலாய்க் கிடக்கும். அது கெட்டுப்போனதன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழ்நாட்டரசு யூனிகோடு முறையை 2010-இல் ஏற்றும் அச்சகங்கள் பலவற்றில் பழைய முறையே நடக்கிறது. முதலில் மாற்றிக் கருவியில் இட்டு யூனிகோடாக்கிக்கொள்ள வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து எடுப்பவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வேண்டாத அலங்காரங்கள் பின்தொடரா. அரபி வாசகம் வலமிருந்து இடமாகச் செல்வதாகலின், தமிழ் வரிக்கு நடுவே அதனை இட்டால் அடைப்புக்குறியும் எண்ணும் இடம் பெயர்ந்து நிற்கும். அரபிக்கென்று தனிப் பத்தி கொடுத்துவிடுவதே நலம். திருமறை வசனங்களைத் தட்டெழுதவே வேண்டாம், சரிபார்த்த பிரதியிலிருந்து எடுத்து ஓர் ஆலிமிடம் காட்டிய பின்னரே வெளியிடுக என்றும் சேர்த்தோம்.

டாஷ்போர்டின் மொழியைப் பயனர் ஒவ்வொருவரும் தமக்கென்று தமிழாக மாற்றிக்கொள்ளும் வசதி 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு முதற்கொண்டே இருக்கிறது. அதனை அமைத்துக் கொடுக்கும் வடிவமைப்பாளரை அரிதாகவே கண்டோம். ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் பொத்தானின் பெயர் விளங்காமல் அஞ்சி ஒதுங்குவதற்கு அறிவுக்குறை காரணமன்று.

கையேடு இருபது பக்கங்களில் முடிந்தது. ஆனால் அதனைக் கொடுத்துவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைத்ததை நாம் ஒப்பவில்லை. எழுத்தாணி பிடிக்காதவனுக்கு எழுத்து வாராது. பார்வைக்கு வெளியே ஒரு பயிற்சிப் பக்கத்தை உண்டாக்கி, கற்பவரே மௌசைப் பிடிக்க, கற்பிப்பவர் கைகட்டி அருகில் அமர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். முதல் பாடம் எழுதுவதன்று, கெடுப்பது. பக்கம் முழுவதையும் அழிக்கச் சொல்லி, பின் வரலாற்றிலிருந்து மீட்கச் சொல்கிறோம்.

சென்ற முறை பயிற்சிக்கு வந்தவர்களுள் மகளிர் தையற்பள்ளி நடத்தும் ஓர் அம்மா இருந்தார், நம் வயதுக்காரர். அழிக்கச் சொன்னபோது நெடுநேரம் தயங்கினார். "நிசமாகவே அழிக்கட்டுமா, ஹஜ்ரத்?" என்று இருமுறை கேட்டுக்கொண்டு அழித்தார். வெறும் வெள்ளைப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு வரலாற்றைத் திறந்து மீட்டார். படமும் எழுத்தும் இருந்தபடியே வந்து நின்றன. மீண்டும் ஒருமுறை, நாம் சொல்லாமலே, அழித்து மீட்டார். பின் தம் பையிலிருந்து, தையல் வகுப்பின் புதிய நேரங்களை எழுதி வைத்திருந்த காகிதத்தை வெளியே எடுத்தார்.