பாகூர் ஏரிக்கரையிலிருந்து கோரிமேடு வரை

புதுவை என்றதும் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைகளுமே பலருக்கு நினைவில் எழும். நகருக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் இடையிடையே புகுந்து கிடக்க, வயல்களின் நடுவே அமைந்திருக்கிறது பாகூர். தென்பெண்ணை நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பும் பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுவையின் பெரிய ஏரியாகும். மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் வில்லியனூர்; அதை அடுத்து நம் மக்கள் திரளாக வாழும் சுல்தான்பேட்டை.

ஆயினும், ஏரியையும் ஆற்றையும் கண்டு களிக்க உங்களை நான் அழைக்கவில்லை. இவ்வூர்களிலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டு, புதுவையில் வண்டி மாறி, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாயிலில் இறங்குவோரைச் சற்று உற்றுப் பாருங்கள். 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் இது; 1964இல் ஜவாஹர்லால் பெயரைப் பெற்றது. இங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் இயங்குகிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் தொடரும். சில நிமிடச் சிகிச்சைக்காக ஒரு பகலே கழிந்துவிடும். கிராமத்துப் பெண் ஒருத்திக்கு நோயைவிட இந்த அலைச்சலே பெரிது. அவளுடன் வருபவர் யார்? தாய் வருகிறார், தங்கை வருகிறாள். கணவர்? "கடையை யார் பார்ப்பது? பெண்களுக்குப் பெண்களே துணை" என்று வீட்டிலிருந்தே விடை கொடுத்துவிடுகிறார்.

சகோதரரே, பத்ருக் களத்தை எண்ணிப் பாருங்கள். கி.பி. 624இல் படை புறப்பட்ட வேளையில், உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாருமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். மனைவியின் அருகிலேயே இருக்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களைப் பணித்த நாயகம் (ஸல்) அவர்கள், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டுமுன் ருகையா (ரலி) இறையடி சேர்ந்துவிட்டார்கள். மனைவி பிழைக்கவில்லை, ஆனால் பணிவிடை வீணாகவில்லை. பத்ரைவிடவா நம் கடை பெரிது?

உடனிருப்பவருக்குப் பணிகள் பல உண்டு. மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொள்வதும், சீட்டுகளையும் அறிக்கைகளையும் ஒரே பையில் ஒழுங்காக வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. மருந்து ஏற்றியபின் உடலின் எதிர்ப்பாற்றல் குறையும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் டிகிரியைத் தொட்டால், கைமருந்து பார்த்துக் காத்திராமல் இரவானாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இந்நோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் குவளையையும் பிரித்து வைத்து அவள் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். வெளியிலிருந்து கதிர்வீச்சுப் பெற்றவள் தன் குழந்தையை அணைத்துக்கொள்ளத் தடையில்லை. தலைமுடி உதிர்ந்தால், அது பெரும்பாலும் மீண்டும் வளரும் என்று எடுத்துச் சொல்லுங்கள். ரமளானில் நோன்பு நோற்க இயலவில்லையே என்று அவள் கலங்கினால், நோயாளிக்கு இறைவனே சலுகை அளித்துள்ளதை நினைவூட்டுங்கள்.

சிலர் சென்னை அடையாற்றுக்கும் செல்ல நேரும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தையே விதையாக்கி 1954இல் திறந்த மருத்துவமனை அங்கிருக்கிறது. சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. துணைவர் ஒருவர் இன்றியமையாதவர் என்பதை ரயில்வேயே உணர்ந்திருக்கிறது!

மாலையில் அதே பேருந்து ஊர் திரும்புகிறது. ஏரிக்கரையில் மங்கிய வெளிச்சம். தொலைவில் மஃரிபின் பாங்கொலி. சோர்ந்து வரும் மனைவியின் தலை சாய்வதற்கு அருகில் ஒரு தோள் வேண்டும். வாசகரே, அந்தத் தோள் உங்களுடையதாக இருக்கட்டும்!