நான்கு சுவடுகள்

பள்ளியிலிருந்து திரும்பிய அந்தப் படிவம் இரண்டு மாணவி, வாயிற்கதவைத் தாழிட மறந்துவிட்டாள். அந்தச் சில நிமிடங்களில் மணி சாலைக்கு ஓடியது. மோட்டார் சைக்கிள் ஒன்று அதன்மீது மோதியது. பின்னங்காலை ஊன்ற முடியாமல் மணி கதறியது. அப்பா அதனைக் கையால் தூக்கவில்லை. அகலமான பலகை ஒன்றின்மீது மெல்ல நகர்த்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார். புறப்படும்போது, “வலி மாத்திரை ஒன்றைக் கொடுப்போமா?” என்று பாட்டி பதறினார். மனிதருக்கான மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம் என்று கூறி அப்பா தடுத்துவிட்டார்.

வலது பின்னங்காலின் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்து, உலோகத் தகட்டையும் திருகாணிகளையும் பொருத்தி எலும்பை இணைத்தார். “எலும்பை இணைப்பது என் வேலை. அது கூடும்வரை காப்பது உங்கள் வேலை. எட்டு வாரம் ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள்,” என்றார்.

வீட்டு வரவேற்பறையில் கூண்டு ஒன்று வைக்கப்பட்டது. அதனைச் சுற்றி, வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்புகள் போடப்பட்டன. மணியை வெளியே அழைத்துச் செல்லும்போதெல்லாம், அதன் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துப் பின்னுடலைத் தாங்கிப் பிடிப்பது அவளுடைய பொறுப்பு. உடல் எடை கூடினால் காலுக்குச் சுமையாகும் என்பதால் உணவும் அளவோடு கொடுக்கப்பட்டது.

மூன்றாவது வாரம், ஒரு மாலை. கூண்டுக்குள் மணி முனகிக்கொண்டே இருந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை; கூண்டைத் திறந்துவிட்டாள். மணி துள்ளிக் குதித்து விரிப்பைத் தாண்டி ஓடியது. அடுத்த கணமே வழுக்கி விழுந்து அலறியது. நல்லவேளையாக, தகடு நகரவில்லை. மருத்துவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “வலி குறைந்ததும் கால் குணமாகிவிட்டது என்று மணி நினைக்கிறது. அதற்குத் தெரியாது, உனக்குத் தெரியும்,” என்று மட்டும் சொன்னார். அன்று முதல் மணி முனகும்போது, அவள் கூண்டைத் திறக்காமல் அதன் அருகே அமர்ந்து பாடம் படித்தாள்.

எட்டாவது வாரம் எடுத்த படத்தில் எலும்பு கூடியிருந்தது. ஆயினும், பயன்படாத காலின் தசைகள் மெலிந்திருந்தன. மணி மூன்று கால்களாலேயே ஓடப் பார்த்தது. வேகமாகச் சென்றால் நாய் அடிபட்ட காலைத் தூக்கிக்கொள்ளும். மெதுவாக நடந்தால்தான் அதனை ஊன்றும் என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே, அவள் கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று மெல்ல நடந்தாள். சைக்கிளில் விரைந்த தோழிகள் அழைத்தபோதும் அவள் நடையைக் கூட்டவில்லை. மழை ஓய்ந்த ஒரு மாலை, அவள் திரும்பிப் பார்த்தாள். ஈர மண்ணில் நான்கு பாதங்களின் சுவடுகளும் பதிந்திருந்தன.

இன்றும் மணி சற்றே சாய்ந்துதான் நடக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பியதும் அவள் வாயிற்கதவைத் தாழிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே உள்ளே செல்கிறாள்.