நீர் நீக்கிய கணக்கு

உலர்தீவனப் பையின் முதுகில் 'கச்சாப் புரதம் 24 விழுக்காடு' என்று அச்சிட்டிருக்கிறது. திண்டுக்கல் பேகம்பூர்க் கறிக்கடையில் நாங்கள் வாங்கும் தோலுரித்த கோழிக்கறியில் புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடுதான். ஆகவே பையே மேல் என்பது எங்கள் வீட்டில் ஒரு கட்சி. வேட்டைநாயின் பிறவிக்குப் பச்சைக்கறியே பொருந்தும் என்பது மறுகட்சி. நடுவே நான்கு மாதச் சிப்பிப்பாறைக் குட்டியொன்று இரு கட்சியார் கையையும் வேறுபாடின்றி நக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் ஒளிந்து நிற்பது நீர். கறியில் நூற்றுக்கு 75 பங்கு நீர். உலர்தீவனத்தில் 10 பங்கு அளவே. நீரை நீக்கினால் கறியில் எஞ்சும் 25 பங்கில் 20 புரதம். அதாவது 80 விழுக்காடு. தீவனத்தில் எஞ்சும் 90 பங்கில் 24. ஏறக்குறைய 27 விழுக்காடு. பின்தங்கியிருந்த கறி மும்மடங்காகிவிடுகிறது! தோலும் கொழுப்புமாக எடுத்தால் 55 விழுக்காட்டளவுக்கு இறங்கும், அப்போதும் இருமடங்கு.

'கச்சா' என்ற சொல்லிலும் ஒரு சங்கதி உண்டு. தமிழ் கற்பிப்பவர்களுக்குச் சொல்லைப் புரட்டிப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. அது தரக்குறைவைச் சொல்லவில்லை. அளந்த முறையைச் சொல்கிறது. டென்மார்க்கின் கெல்டால் 1883இல் வகுத்த வழியில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் வருவதே அவ்வெண். நைட்ரஜன் எங்கிருந்து வந்ததென்று அது கேட்பதில்லை. 2007இல் வட அமெரிக்காவில் சீனத்திலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில் மெலமைன் கலந்திருந்தது. எண்ணில் அதுவும் புரதமாகவே தெரிந்தது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி மாண்டன.

ஆனால் வளரும் குட்டிக்கு உலர்நிலையில் 22.5 விழுக்காடு புரதம் போதும் என்பது அமெரிக்கத் தீவன நெறி. கறி, பை இரண்டுமே அதைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே நாங்கள் இத்தனை நாள் வழக்காடியது தோற்க முடியாத ஒரு தேர்வைப் பற்றி.

குட்டியின் கால் நிற்பது வேறொன்றில். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச்சத்து ஒரு பங்கென்றால் பாஸ்பரஸ் 15 பங்குக்கும் மேல். வேண்டுவதோ ஒன்றுக்கொன்று, அல்லது சுண்ணாம்பு சற்று மிகுதி. வெறுங்கறி தின்று வளரும் குட்டி தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும், முன்னங்கால்கள் வளையும். ஓடப் பிறந்த சாதிக்கு இதைவிடக் கொடுமை ஏது?

வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நாய்கள் கம்பங்கூழில் வளர்ந்தனவே என்பார் உண்டு. வளர்ந்தன. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் மிகுதி என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டனர். எனினும் கம்பின் புரதம் 11 விழுக்காட்டளவே. மீதிக்கு அவை எலியையும் முயலையும் தேடிக்கொண்டன. எங்கள் தெருவில் முயல் இல்லை.

இப்போது காலையும் மாலையும் குட்டிகளுக்கென்றே செய்த உலர்தீவனம். மேலே வேகவைத்த கறி, மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்குள். பச்சையாகக் கொடுப்பதில்லை, சால்மொனெல்லா குளிர்பெட்டியில் சாகாது. பிரியாணியும் இல்லை. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இதைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணி ஆகாதென்றால் எப்படி என்று ஞாயிறுதோறும் பொட்டலத்தோடு வந்து நிற்கிறார்.