குளிர்மலையில் கத்தரி

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் அங்கே செழிக்கும். கத்தரியோ வெப்பத்தை விரும்பும் செடி. ஓய்வு பெற்றபின் மகனுடன் அவ்வூரில் குடியேறிய நான், எங்கள் தஞ்சை வீட்டுக் கொல்லைக் கத்தரியின் விதைகளைக் கொண்டு சென்றேன். என் அன்னையார் ஆண்டுதோறும் பயிரிட்டுக் காத்த விதை அது. வீடும் கொல்லையும் விற்கப்பட்டுவிட்டன. சமவெளியில் எங்களுக்கு வேறு நிலம் இல்லை. கத்தரி விதை சில ஆண்டுகளே முளைக்கும் ஆற்றலுடன் இருக்கும். ஆதலின், மலையிலேயே விதைக்க வேண்டியதாயிற்று.

அங்கு மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். ஆனியில் பருவமழையும் மேகமூட்டமும் வந்துவிடும். இடைப்பட்ட காலம் சிறிது. ஆகவே, தையிலேயே அடுப்பின் அருகே தொட்டியில் நாற்று வளர்த்தோம். பங்குனியில், மாலை வெயில் படும் கற்சுவரின் ஓரமாக நட்டோம். பகலில் சூடேறிய சுவர் இரவில் செடிகளுக்கு வெம்மை தரும். அங்ஙனமிருந்தும் முதற்பூக்கள் உதிர்ந்தன. இரவுக்குளிர் மிகுந்தால் மகரந்தம் வலுவிழக்கும், பிஞ்சு பிடிக்காது. பின்னர்ச் செடிகளைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டங்களை நிறுத்தினோம். மூன்று காய்கள் தோன்றின.

இளங்காயில் விதை முற்றாது; காய் மஞ்சள் நிறமாகப் பழுத்தல் வேண்டும். எனவே, இரண்டைக் கறிக்குப் பறித்து, ஒன்றைச் செடியிலேயே விட்டுவைத்தோம். மழைக்குத் தப்பி அஃது ஆவணியில் பழுத்தது.

பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறும். பல்லாண்டு அதனைப் பாடம் சொன்ன எனக்கு, அக்கத்தரிச்செடி அதன் மெய்ம்மையை விளக்கிற்று. நிலத்தையும் பொழுதையும் மாற்றுதல் நம்மால் இயலாது. அவற்றின் இயல்பறிந்து முயன்றால் சிறிதேனும் பயன் உண்டு. அப்பழத்தின் விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, அடுத்த தைக்கென எடுத்து வைத்தோம்.