பதிவேட்டில் இல்லாத பிரதி

சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் விடுதி வாயிலில் என்னை வழிமறித்தபோது, வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். வேதியியல் மாணவனுக்கு அதில் என்ன தகுதி என்று அவர் கேட்டார். ஒரு தகுதி உண்டு. அங்கே நான் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

2025 கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போகவில்லை. பணமுடைதான் காரணம், அதை விரிப்பானேன்? தில்லியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றும் வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் அங்கே முப்பது ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருப்பவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். தில்லிக்காரர்களுக்கு அவர் முன்ஷிஜி, எனக்கு அண்ணாச்சி.

அலுவலகத்தார் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைச் சந்தா கட்டி வாங்கியிருந்தார்கள். பழைய கட்டுகளையெல்லாம் அதற்கு ஊட்டிவிட்டால், இதுபோன்ற வழக்கில் முன்பு என்ன வாதிட்டோம் என்று கேட்ட மாத்திரத்தில் விடை வரும் என்பது இளைய வழக்கறிஞர்களின் ஆசை. ஆசையில் பிழை இல்லை. ஆனால் எதை ஊட்டலாம், எதை ஊட்டக்கூடாது, எது என்றைக்கோ அழிக்கப்பட்டிருக்க வேண்டியது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதை அறிந்தவர் அண்ணாச்சி ஒருவரே.

அவரிடம் ஒரு நீண்ட பதிவேடு உண்டு. எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப் போனார், எப்போது திரும்பியது என்று வரி வரியாக இருக்கும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அவருக்கு மனப்பாடம். கடன் வழக்குத் தொடுக்க 3 ஆண்டு. உரிமைப்படி நிலத்தை மீட்க 12 ஆண்டு. அடமானச் சொத்தை மீட்க 30 ஆண்டு. அந்தந்தக் காலம் கடக்கும்வரை யாரேனும் வந்து கேட்கக்கூடும் என்று கணக்கிட்டே தாள்களை வைத்திருப்பார். மூலப் பத்திரங்களை மட்டும், வழக்கு முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்சிக்காரரிடம் சேர்த்துவிடுவார். "வச்சிருக்கவும் காரணம் வேணும் தம்பி, கிழிச்சுப் போடவும் காரணம் வேணும்" என்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை. தமிழ் அம்மையார் ஒருவரின் சொத்து வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தது. (அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்; அடையாளங்களை விட்டுவிட்டேன்.) அதில் தமிழ்க் கையெழுத்தில் சில தாள்கள் இருந்தன. அலுவலகக் கருவிக்கு அந்தக் கையெழுத்து பிடிபடவில்லை. நான் என் கைப்பேசியால் படம் எடுத்து, அதிலிருந்த இலவசக் கருவியிடம் கொடுத்தேன். அரை நிமிடத்தில் அழகான ஆங்கிலச் சுருக்கம் வந்தது. பெருமையோடு அச்செடுத்து மூத்த வழக்கறிஞரின் மேசைமேல் வைத்தேன்.

அந்தத் தாள்களுள் ஒன்று, அம்மையாரின் கணவர் மருத்துவமனையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதம். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதினால் இரண்டாம் முறையும் தவறியவன் ஆவேன்.

அண்ணாச்சி அச்சுத் தாளைப் பார்த்தார். "இதை யார் மொழிபெயர்த்தா?" சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து பேனாவை என் பக்கம் தள்ளினார். "எழுது. எத்தனை தாள், யாருகிட்ட போச்சு, எப்போ திரும்பி வரும்?"

பதினொரு தாள் என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. உரையாடலை அழித்துவிட்டேன் என்றேன்.

"அழிஞ்சதுக்கு ரசீது இருக்கா?"

விடுதிக்குத் திரும்பி இரவெல்லாம் படித்தேன். இத்தகைய இலவசக் கருவிகள் பலவும், நாம் அமைப்பை மாற்றாவிட்டால், நாம் கொடுப்பதைத் தம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக்கூடும். நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. அதனினும் பெரிய அதிர்ச்சி வேறொன்று. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அந்தக் கடமை செப்டம்பர் வரை நீடித்தது. என் கைப்பேசியில் இருந்தது எவருடைய கருவி என்பது வேண்டாம். என் பிழைக்கு அது பொறுப்பன்று. ஆயினும் "அழி" என்ற பொத்தானை நான் நம்பியது அன்றோடு சரி.

இந்தியச் சட்டமும் என்னை விடவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்ற விதி 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 132ஆம் பிரிவு. வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும் அது கட்டும். கோடைக்கால ஊழியனுக்கு விலக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூத்த வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொண்டதை எழுத இடம் போதாது. ஆனால் கட்சிக்காரரிடம் மறைக்கக்கூடாது என்றார். அண்ணாச்சியோடு அம்மையார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே கேட்டார்: "அந்தக் கடுதாசியுமா தம்பி?"

"ஆமாம்மா."

எழுந்து உள்ளே போய்விட்டார். நெடுநேரம் கழித்துக் காப்பி வந்தது. குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன். "அது கோர்ட்டுக்குத் தேவையில்லைன்னா என்கிட்டயே குடுத்திடுங்க" என்றார். கடிதம் வழக்கில் தாக்கல் ஆகாதது. அடுத்த நாளே அண்ணாச்சி கொண்டுபோய்க் கொடுத்துத் தமிழில் கையெழுத்து வாங்கிவந்தார்.

ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒப்புதல் பெறாத இணையக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். எந்தக் கருவியை எப்போது பயன்படுத்தினாலும் குறித்து வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க" என்று சிரித்தார். இப்போது பதிவேட்டில் கருவிக்கென்று ஒரு பத்தி கோடு போடப்பட்டிருக்கிறது.

என் வரியும் அங்கேயே இருக்கிறது. பதினொரு தாள் என்பதற்கு நேரே, "திரும்பிய நாள்" என்ற கட்டம் காலி. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் காலியிடத்தின் குறுக்கே கோடிட்டுக் கையொப்பம் போடுவது எங்கள் வழக்கம். அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இன்னும் திரும்பலையே" என்றார் அண்ணாச்சி.