மீன் கடிக்காத நாட்கள்

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. தூண்டில் போடப்போன ஒவ்வொரு நாளையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். திகதி, பிறை, காற்று, நீர் வத்தா பெருக்கா, குத்திய இரை, கடித்த மீன். கடைசி நிரலில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: 'இல்லை'. போன கிழமை ஆறுதலாக இருந்து எண்ணிப் பார்த்தேன். 112 நாட்கள் போயிருக்கிறேன். கொடுவா அகப்பட்டது 9 நாட்கள்.

மனைவியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "இதைப் பெட்ரோல் கணக்கோட சேத்து மட்டும் பார்த்திராதீங்க" என்றாள். மீதமுள்ள 103 நாட்களும் எங்கே போயின என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்லூர் என்றதும் எல்லோருக்கும் கோயில் நினைவுக்கு வரும், கடல் வராது. ஆனால் நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவில் அரியாலையும் அடங்கும். முத்திரைச் சந்தியால் வந்து கண்டி வீதியைக் கடந்து அரியாலைக்குள் இறங்கினால், தோட்டங்களும் பனைகளும் முடிகிற இடத்தில் பரவைக்கடல் தொடங்கிவிடும். கடல்நீரேரி என்று புத்தகங்களில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அது பரவைக்கடல்தான். ஆழம் குறைந்த, அலையில்லாத நீர். சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கும். விடியற்காலையில் பார்த்தால் யாரோ தண்ணீரில் கோடு போட்டு வைத்ததுபோல இருக்கும்.

யாழ்ப்பாணத்தின் உள்ளே நீண்டு கிடக்கும் உப்பாறு, இந்தப் பக்கமாகத்தான் பரவைக்கடலோடு சேர்கிறது. உப்புநீர் உள்ளே ஏறாமல், மழைநீர் வீணே வெளியேறாமல், கிணறுகள் நன்னீராக வேண்டும் என்று 1950களில் அரியாலையில் தடுப்பணை கட்டினார்கள். போர்க்காலத்தில் கதவுகள் பழுதாகி, உப்பு தன்பாட்டில் வந்துபோனது. அணையின் வரலாறு தனிக்கதை. தூண்டில்காரனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நன்னீரும் உப்புநீரும் கலக்கிற இடத்தில் சின்ன மீனும் இறாலும் கூடும், அவை கூடும் இடத்தில் கொடுவா பதுங்கியிருக்கும்.

கொடுவா இரண்டு நீருக்கும் சொந்தமான மீன். சிங்களத்தில் மோதா, வங்காளத்தில் பெட்கி, அவுஸ்திரேலியாவில் பரமுண்டி. குஞ்சில் கழிமுகங்களிலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்கு இறங்கும். பெரும்பாலானவை ஆணாகவே முதிர்ந்து, சில வருடங்கள் சென்று பெரிதான பிறகே பெண்ணாக மாறுகின்றன. ஆகவே மிகப் பெரிய கொடுவா என்றால் அநேகமாக அது தாய்தான். கை நீளத்துக்கு மேலே போனால் திரும்ப விட்டுவிடுவது என்று நானும் என் நண்பனும் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அந்தச் சட்டத்தை அமுல்படுத்தும் சந்தர்ப்பம் இதுவரை எங்களுக்கு வாய்க்கவில்லை.

நண்பன் நல்லூர்க்காரன். 1989இல் நல்லூரில் நடந்த ஒரு ரியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். கணக்குப் பாடம் இருவருக்கும் ஏறவில்லை. வகுப்பு முடிந்ததும் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போய்த் தங்கூசி நூலைக் கட்டையில் சுற்றிக்கொண்டு கைத்தூண்டில் போடுவோம். பேத்தையும் கெளிறும்தான் கடிக்கும். பேத்தையைக் கரையில் போட்டால் வயிறு ஊதிப் பந்தாகிவிடும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே போனோம் என்றும் சொல்லலாம்.

பிறகு இருபது வருடங்கள் நாங்கள் சந்திக்கவில்லை. 2010இல் நான் புத்தளத்திலிருந்து சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். தலை நரைத்திருந்தது. "மச்சான், தூண்டில் போட வாறியோ?" என்றான். வேறெதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு போனோம்.

ஆரம்பத்தில் மீன் கடிக்காத நாளை என்னால் தாங்க முடியவில்லை. கட்டாரிலிருந்து மச்சினன் அனுப்பிய றீல் தூண்டிலும் ஒரு பெட்டி பிளாஸ்டிக் மீன்களும் என்னிடம் இருந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுவேன். கால்மணிக்கு ஒருமுறை இடத்தை மாற்றுவேன். கல்லில் கால் தட்டும், வாளி விழும். வெயில் ஏறும்போது எனக்குக் கோபமும் ஏறும். மீன் என்னை மட்டும் குறிவைத்து ஏமாற்றுகிறது என்றே தோன்றும்.

நண்பன் ஒரே இடத்தில் இருப்பான். ஒருநாள் சொன்னான், "நீ மீனைத் தேடுறாய் மச்சான். அது உன்னைக் கேட்டுக்கொண்டு கிடக்குது."

அது வெறும் பேச்சல்ல. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு நீரின் சிறிய அதிர்வையும் உணரும். கொடுவா துரத்தி வேட்டையாடுகிற மீனல்ல. கல்லோடு, கட்டையோடு, நிழலோடு ஒதுங்கிக் கிடந்து, இரை வாய்க்கு எட்டும்போது சட்டென்று வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பெரிய இரை ஒன்று அகப்பட்டால் பிறகு நெடுநேரம் எதையும் தேடாது. அதன் நாள் முழுவதும் காத்திருப்புத்தான். சாப்பாடு அதில் ஒரு கணம். நாங்கள் அதனிடம் போய் அவசரப்பட்டால் என்ன நடக்கும்?

நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். கடிக்காத நாளில் முதலில் பார்க்கவேண்டியது தூண்டில் முள்ளை. நகத்தில் வைத்தால் வழுக்காமல் குத்திநிற்க வேண்டும், இல்லாவிட்டால் அரத்தில் தீட்டவேண்டும். அடுத்தது இரை. செத்த இறால் பேத்தைக்கும் நண்டுக்கும்தான் விருந்து. உயிர் இறாலை வால்பக்கம் மெதுவாகக் குத்தி, ஈயத்தைக் குறைத்து, நீரோட்டத்தோடு போகவிட வேண்டும். மூன்றாவது தண்ணீரைப் பார்ப்பது. சின்ன மீன்கள் சிதறித் துள்ளுகின்றனவா, கொக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, கலங்கல் எங்கே முடிகிறது. இத்தனையும் பார்த்த பிறகும் கடிக்கவில்லை என்றால் உன்மேல் பிழையில்லை, இரு.

நீர்க்கணக்கும் உண்டு. இலங்கையைச் சுற்றிய கடலில் வத்தும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவு. பரவைக்கடலுக்குள் அது இன்னும் மெலிந்துவிடும். ஆனாலும் அந்தச் சிறிய ஓட்டத்தைத்தான் கொடுவா நம்பியிருக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக ஓடும். நீர் திரும்புகிற அந்த ஒரு மணித்தியாலம், அதுவும் விடியலிலோ மாலையிலோ வந்தால், நம்பிக்கையோடு இருக்கலாம். இடைப்பட்ட நாட்களில் நீர் சோம்பிக் கிடக்கும். நண்பன் அதை அட்டமி, நவமி என்பான். நான் எட்டாம் பிறை, ஒன்பதாம் பிறை என்பேன். இரண்டும் ஒரே நிலவு, ஒரே அசையாத தண்ணீர். "உன்ர கலண்டரிலயும் இல்லை, என்ர பஞ்சாங்கத்திலயும் இல்லை" என்று சிரிப்பான்.

அப்படியொரு எட்டாம் பிறை நாளில்தான் அவன் கேட்டான். சோழகம் ஓய்ந்து வாடை இன்னும் தொடங்காத காலம். காற்றில்லை. தூண்டில் நுனி இரண்டு மணித்தியாலமாக அசையவில்லை. தேநீரும் முடிந்துவிட்டது.

"மச்சான், அண்டைக்கு நான் ஏன் வரேல்லை எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்து எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். வாப்பா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டேன். லொறியில் ஏறும்வரை தெருமுனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. யாரைத் தேடினேன் என்பதும் ஞாபகமிருக்கிறது. புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் கிடந்த வருடங்களில், அவனைக் கண்டால் என்ன கேட்பது என்று வசனம் வசனமாகச் சேர்த்து வைத்திருந்தேன். 2010இல் அவன் வாசலில் நின்றபோது அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பிறகு கேட்காமலே விட்டுவிட்டேன். ஆனால் மறந்துவிடவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "ஐஞ்சு சந்தி மட்டும் சைக்கிள்ல வந்தனான். துவக்கோட நிண்டவங்கள் எங்க போறாய் எண்டு கேட்டாங்கள். சும்மா எண்டன். சும்மா எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளைத் திருப்பிட்டன்."

நான் பேசவில்லை.

"அஞ்சு வருசம் கழிச்சு அதே ஒக்டோபர் 30. 95ஆம் ஆண்டு. எங்களையும் வெளிக்கிடச் சொன்னாங்கள். உந்தா, நாவற்குழிப் பாலத்தால விடிய விடிய நடந்தம். நல்ல மழை. அம்மாவைச் சைக்கிள்ல இருத்தித் தள்ளிக்கொண்டு போறன். அடி எடுத்து வைக்க இடமில்லை, அவ்வளவு சனம். அப்ப உன்ர ஞாபகம் வந்தது. நீ போகேக்கை நான் சும்மா எண்டு சொல்லிப்போட்டு வந்தவன் எண்டு."

என் தூண்டிலை இழுத்துப் பார்த்தேன். இரை இல்லை, முள் வெறுமையாக இருந்தது. பேத்தையாக இருக்கவேண்டும், தின்றது தெரியவேயில்லை. அவன் வாளிக்குள் கைவிட்டு ஓர் இறாலை எடுத்து, என் முள்ளில் தானே குத்தித் தந்தான்.

"சந்தி மட்டும் வந்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அது எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் எங்களால் பேச முடிந்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாப்பா புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார். எங்கள் தெருவில் இன்றும் கூரையில்லாத வீடுகள் நிற்கின்றன. அவனும் தன் கணக்கில் இழந்தவற்றை எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமாக நான் சுமந்த ஒரு பொருளின் எடை குறைந்தது. அவன் வரவேயில்லை என்று நினைத்திருந்தேன். சந்திவரை வந்திருக்கிறான். பதினாறு வயதுப் பையன், துவக்குக்கு முன்னால். அந்தத் தூரம் சிறியதல்ல.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து அன்றைய நாளுக்கு வழக்கம்போல 'இல்லை' என்று எழுதினேன். எழுதியபோதுதான் ஒன்று உறைத்தது. கொடுவா அகப்பட்ட நாட்களில் நாங்கள் மீனைப்பற்றித்தான் பேசியிருக்கிறோம். எவ்வளவு நிறை, எந்த இரை, எப்படி இழுத்தது. பேச்சு அதோடு முடிந்துவிடும், மீனைக் கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். தாய் தகப்பனைப்பற்றி, பிள்ளைகளைப்பற்றி, பயத்தைப்பற்றி நாங்கள் பேசியதெல்லாம் ஒன்றும் கடிக்காத நாட்களில்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லலாம். அதற்குக் கையில் ஒரு தடியும் வேண்டும், தடியின் நுனி அசையாமலும் இருக்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் நண்பன் மச்சம் சாப்பிடமாட்டான், தூண்டிலையும் தொடமாட்டான். போன திருவிழாவின்போது ஒருநாள் சுபஹ் தொழுதுவிட்டு நான் தனியே போனேன். நீர் பெருகித் திரும்புகிற நேரம். மூன்றாவது வீச்சில் தடி வளைந்தது. மூன்று கிலோ இருக்கும், வெள்ளிபோலப் பளபளத்த கொடுவா. துள்ளி விழுந்த சத்தம் அந்த விடியலில் ஊருக்கே கேட்டிருக்கும். கரைக்கு எடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கல் வெறுமையாக இருந்தது.

மனைவி புளி விட்டுக் குழம்பு வைத்தாள். பிள்ளைகள் மிச்சம் வைக்கவில்லை. எனக்கும் சந்தோசம்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கொப்பியில் எழுத இரண்டு வரிக்குமேல் இருக்கவில்லை.

அடுத்தநாள் தொலைபேசியில் சொன்னேன். "நான் இல்லாத நாளாப் பாத்து வந்திருக்குது. அதுக்கும் என்ர சத்தம் பிடிக்கேல்லை" என்றான்.

நேற்றிரவு மறுபடி அழைத்தான்.

"நாளைக்கு வாறியோ?"

"நாளைக்கு அட்டமியடா. நீர் ஓடாது."

"ஓம், தெரியும். வா."

இறால் வாங்கவேண்டும். அலாரத்தை நாலரைக்கு வைத்திருக்கிறேன்.