தட்டுப்பாடா, தடுப்பா?

ஆங்கிலத்தில் மனு எழுதப் பழகும் நம் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'ஷார்ட்டேஜ்'. 'தேர் இஸ் எ ஷார்ட்டேஜ் ஆஃப் வாட்டர் இன் அவர் ஸ்ட்ரீட்' என்று எழுதுவார்கள். பிழையே இல்லாத வாக்கியம். படிப்பகத்தில் நாங்களும் இதைத்தான் சொல்லித்தருகிறோம். ஷார்ட்டேஜ் பெயர்ச்சொல், பின்னால் 'ஆஃப்' வரும். ஸ்கேர்ஸ் பெயரடை, 'வாட்டர் இஸ் ஸ்கேர்ஸ்' என்று எழுதலாம். லேக் வினைச்சொல்லாக வந்தால் 'ஆஃப்' கூடாது. 'அவர் ஸ்கூல் லேக்ஸ் டாய்லெட்ஸ்' போதும்.

இலக்கணம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்கிறோம்: இந்த வாக்கியத்தில் ஆள் எங்கே?

ஷார்ட்டேஜ் வாக்கியத்தில் எழுவாயாக எந்த மனிதரும் இல்லை. மழை பொய்த்ததுபோல, தண்ணீர் தானாகவே குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி. அங்கே தினமும் வருகிற தண்ணீர் இங்கே வாரம் இரண்டு நாள் வந்தால் அதற்குப் பெயர் தட்டுப்பாடா? வால்வைத் திருகுவதற்கு ஒரு கை இருக்கிறதே!

மகத் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தத் தண்ணீரைத் தொட, 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போக வேண்டியிருந்தது.

1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலும் இதையே வேறு வழியில் சொல்கிறது. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 1943-இல் உணவு குறைவாக இல்லை என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் செத்தார்கள், அரிசியை வாங்கும் சக்தி அவர்களிடம் இல்லாததால்.

பல்கலைக்கழகங்களிலும் இந்தச் சொல் வேலை செய்கிறது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடஒதுக்கீட்டுப் பணியிடத்தைக் காலியாக விடுவார்கள். தட்டுப்பாடு இப்போது நம் தலையில் வந்து விழும்.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது சேர்ந்த 3(1)(இசட்ஏ) பிரிவு, ஆறு, கிணறு, குழாய், சுடுகாடு போன்ற பொதுவானவற்றை நாம் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. தட்டுப்பாடு குற்றமல்ல, தடுப்பது குற்றம். மனுவில் நாமே 'ஷார்ட்டேஜ்' என்று எழுதிக்கொடுத்தால், அதிகாரி ஒரு லாரித் தண்ணீர் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

ஆகவே தோழர்களே, மழை இல்லாமல் ஏரி வற்றினால் ஷார்ட்டேஜ் என்றே எழுதுங்கள், அது உண்மை. மற்ற நேரங்களில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் வருகிறது, எந்தத் தேதியிலிருந்து நின்றது, யார் நிறுத்தியது என்று எழுதுங்கள். 'தே ஸ்டாப்ட் அவர் வாட்டர்' நாலே சொல்தான். ஆனால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.